ஒன்பதாம் நம்பர் மலையின் மூன்று கூடுகள்

அத்தியாயம் 6

கோழி காணாமல் போனதற்கு இக்னேசியஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதா சுரூபத்தின் கிரீடம் காணாமல் போனதற்கும், தாலி கட்ட வேண்டிய மாப்பிள்ளை காணாமல் போனதற்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். நாற்பத்து நான்கு குளவிக் கூடுகளைக் காணவில்லை என்று கூப்பிட்டது இதுவே முதல் தடவை.

"திருடினவன ரொம்பத் தேட வேணாம் அத்தான்," என்றாள் பெற்றீசியா, பாடசாலைப் படியேறிக்கொண்டே. "நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி எவன் படுத்திருக்கானோ, அவன்தான்."

கல்லுமலைத் தோட்டத்தின் நான்கு டிவிஷனுக்கும் பத்தொன்பது வருஷம் தபால் கொடுத்தவர் இக்னேசியஸ். ஓய்வு பெற்ற பிறகு, அவரிடம் கடிதம் வாங்கிய ஜனங்கள் தங்கள் சந்தேகங்களை அவரிடம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பெற்றீசியா அவருடைய மனைவி ரோசலினின் தங்கை. ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தாள். போட்டோ கொப்பி, போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட், போன் திருத்தம். வாய் மட்டும் இலவசம்.

இக்னேசியஸின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன் இருக்கும். ஒன்று அவருடையது. மற்றது ரோசலினுடையது. பன்னிரண்டாம் நம்பர் மலையில் குளவி கொட்டி அவள் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அதில் மெசேஜ் சத்தம் கேட்டால் கம்பனி விளம்பரம் என்று விட்டுவிடுவார், திறந்து பார்த்ததில்லை. மாதம் தவறாமல் அந்த நம்பருக்குப் பெற்றீசியா ரீலோட் போட்டுவிடுவாள். இவர் போடு என்று சொன்னதும் இல்லை, அவள் போட்டேன் என்று சொன்னதும் இல்லை.

அதிபர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் அதிபர் நாகலெட்சுமி. பக்கத்தில், டவுனிலிருந்து தினமும் வந்துபோகும் கணினி ஆசிரியர் கஜேந்திரன். சுவரோரமாக, தரையைப் பார்த்தபடி, உயர்தர வகுப்பு மாணவி ஜெனுஷா.

அதிபர் விஷயத்தைச் சொன்னார். பாடசாலையின் கோடிங் கழகப் பிள்ளைகள் தோட்டத்துக்கு ஒரு குளவி வரைபடம் செய்திருந்தார்கள். எந்த மலையில், எந்த மரத்தில், எந்தப் பாறையில் கூடு இருக்கிறது என்று அதில் பதிந்தால், காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆட்கள் வரும் நேரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் போனுக்கெல்லாம் எச்சரிக்கை போகும். வெள்ளிக்கிழமை மாகாணத்திலிருந்து பரிசுக்குழு வரப்போகிறது. வரைபடத்தில் அறுபத்தொரு கூடு இருந்தது. நேற்றுப் பார்த்தால் பதினேழுதான். அழித்தது ஜெனுஷாவின் கணக்கிலிருந்து.

"நாளைக்குக் காலைக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் இவ பேர வெட்டப் போறேன்," என்றார் கஜேந்திரன். "கழகத்துலருந்தும் வெட்டுவேன். கொழும்புப் பயிற்சிக்குப் போற பட்டியல்லருந்தும் வெட்டுவேன்."

ஜெனுஷாவின் விரல்கள் பாவாடை மடிப்பைப் பிடித்துக்கொண்டன. அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து கொழும்புப் பயிற்சிக்குத் தெரிவான முதல் பிள்ளை அவள்.

கழகத்தை நடத்துபவர் கஜேந்திரன் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. நடத்தியது அவர் போனுக்குள் இருந்த ஏஐ உதவியாளன். அதற்கு வித்தகன் என்று பெயர் வைத்திருந்தார். பாடத்திட்டம் வித்தகன் எழுதும். வரவேற்புரை, நன்றியுரை, பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதுவே எழுதும். கூட்ட அறிக்கையும் எழுதும். கூட்டமே நடக்காத வாரத்தின் அறிக்கை மற்றதைவிடச் சிறப்பாக இருக்கும். பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் கஜேந்திரன், "வித்தகன்கிட்ட கேளு," என்பார். கேட்ட பிள்ளைகளுக்கு அது பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தது. ஒன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர் கழகத்தில் அவர் ஒருவர்தான்.

இப்போது ஆறு பக்கத்தில் விசாரணை அறிக்கை ஒன்றும் தயாராக இருந்தது. பெற்றீசியா அதைப் புரட்டினாள்.

"சேர், 'நள்ளிரவின் மௌனத்தில் விசைப்பலகை மீது அவள் விரல்கள் நடனமாடின'ன்னு இருக்கே. யாரு பாத்தது?"

"அது ஒரு விளக்கம்."

"போன்லதானே அழிச்சிருக்கு. விசைப்பலகை எங்கருந்து வந்திச்சு?"

கஜேந்திரன் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அறிக்கை இருக்கட்டும் சேர்," என்றார் இக்னேசியஸ். "எது, எப்ப அழிஞ்சிச்சோ, அந்தப் பட்டியல் இருக்குமில்லையா?"

"இருக்கு. ஆனா அது வெறும் நேரமும் நம்பரும்தான். அதுல ஒண்ணும் வெளங்காது."

"தபால் முத்திரையும் வெறும் ஊரும் திகதியும்தான். பிரிக்காமலே பாதிக் கடுதாசி அதுல தெரிஞ்சிரும்."

பெற்றீசியா பாடசாலை அச்சுப்பொறியில் பட்டியலை எடுத்தாள். கூடவே, வரைபடத்தில் மிஞ்சியிருந்த பதினேழு பதிவுகளையும் எடுத்தாள். இக்னேசியஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தார். நள்ளிரவும் இல்லை, மௌனமும் இல்லை. அழிப்பு எட்டு வேலை நாட்களில் நடந்திருந்தது. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுகூட இல்லை.

அவர் ஜெனுஷாவைப் பார்த்தார். "நீயாம்மா அழிச்ச?"

"நான்தான் மாமா."

கேட்டு முடிக்குமுன் வந்த பதில். மடித்து ஒட்டித் தயாராக வைத்திருந்த கடிதம் மாதிரி.

"மொதல்ல எந்த மலையில உள்ளத அழிச்ச?"

அவள் ஒரு கணம் தடுமாறினாள். "ஒண்ணாம் நம்பர்."

பட்டியலில் முதலாவதாக இருந்தது ஆறாம் நம்பர். இக்னேசியஸ் அதைச் சொல்லவில்லை. கஜேந்திரன் பக்கம் திரும்பினார்.

"போன புதன்கிழமை ஒம்பது நாப்பதுக்கு இந்தப் புள்ள எங்க இருந்திச்சு சேர்?"

கஜேந்திரன் நேரசூசியைப் பார்த்தார். முகம் லேசாகக் கறுத்தது. "என் வகுப்புல."

"நீங்க இருந்தீங்களா?"

"நான்... வித்தகன் வகுப்பு எடுத்திச்சு. நான் மேற்பார்வை."

"மேற்பார்வைன்னா மேல பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு அத்தான்," என்றாள் பெற்றீசியா.

*

வெளியே வந்ததும் அவள் பட்டியலை வாங்கி விசிறிக்கொண்டாள்.

"ஒம்பது நாப்பது, பன்னெண்டு பத்து, நாலே கால். எல்லா நாளும் இதேதான், அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன. டொக்டர் எழுதிக் குடுத்த மாத்திர மாதிரி நேரந் தவறாம அழிச்சிருக்காங்க."

"ஒரு நாளைக்கு மூணு தடவ இந்தத் தோட்டத்துல என்ன நடக்குது?"

"சாப்பாடு."

"இன்னொண்ணு."

அவள் விசிறுவதை நிறுத்தினாள். "கொழுந்து நிறுவை."

"போனுக்கு சிக்னல் எங்க கெடைக்கும்?"

"மடுவத்து மேட்டுல." கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத்தான் மடுவம் என்பார்கள். பெற்றீசியா பட்டியலை மறுபடி பார்த்தாள். "ஆறு, ஏழு, எட்டு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அப்பறம் ஒண்ணு, ரெண்டு. அத்தான், இது கொழுந்து எடுக்கிற சுத்து. ஒரு நாளைக்கு ஒரு மலை. செட்டு எந்த மலைக்குப் போகுதோ, அன்னைக்கு அந்த மலையில உள்ள கூடு அழியுது."

"எட்டுக்கப்பறம் ஏன் பத்து?"

"ஒம்பத விட்டுட்டாங்க." மிஞ்சிய பதினேழின் தாளைப் பார்த்தாள். "ஒம்பதாம் நம்பர்ல மூணு கூடு இருக்கு. அத மட்டும் யாரும் தொடல. குளவிக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"போற வழிதானே. பாப்போம்."

ஒன்பதாம் நம்பர் மலை மடுவத்து மேட்டுக்குக் கீழே இருந்தது. இருவரும் குறுக்குப் பாதையில் ஏறி அதன் ஓரத்தில் நின்றார்கள். பெற்றீசியா சிரித்துவிட்டாள்.

மலை முழுக்கக் கவ்வாத்து வெட்டியிருந்தது. முழங்கால் உயரத்துக்கு வெறும் கட்டைகள். நுனியில் இப்போதுதான் விரல்நீளத் துளிர். நிழல் மரங்களின் கிளைகளையும் கழித்திருந்தார்கள்.

"'அடர்ந்த தேயிலைச் செடிகளுக்குள், கொழுந்து பறிக்கும்போது காணப்பட்டது,'" என்று தாளிலிருந்து வாசித்தாள். "போன மாசம் பன்னெண்டாந் திகதி. இதுக்குள்ள கொசு ஒளிஞ்சாக்கூட வால் தெரியும்."

"கவ்வாத்து வெட்டி ரெண்டு மாசமாச்சு," என்றார் இக்னேசியஸ். "இந்த மலையில வெட்டிப்போட்ட மிலாற வெறகுக்குக் கட்டித் தூக்காத வீடு லயத்துல கெடையாது. வர்ற வழியில ஜெனுஷா வீட்டுக் கோடியில அடுக்கியிருந்தத நீயும் பாத்த. அந்தப் புள்ள இந்த மாதிரி எழுதுமா?"

"அப்ப எழுதினவரு மல ஏறாதவரு."

"அழிச்சவங்க மல ஏறுறவங்க. கொழுந்து இருக்கிற மலைக்கு மட்டும் போறவங்க."

பெற்றீசியா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பத்து நாலு குளவிக் கூட்டத் திருடினவங்க இப்ப கூடையோட வரிசையில நிக்கப் போறாங்க. வாங்க, பன்னெண்டு மணி நிறுவைக்கு நேரமாச்சு."

*

மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிறு. கங்காணியின் கண் தராசு முள்ளில் இருந்தது. நிறுத்து முடித்த பெண்களில் ஒருத்தி மேட்டு ஓரத்தில் போய் நின்று, படங்குக்குள்ளிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். திரை குறுக்கே வெடித்திருந்தது. ஜெனுஷாவின் அம்மா ராசம்மா.

இக்னேசியஸ் பக்கத்தில் போய் நின்றார். "மக போனா ராசம்மா?"

"பழசுண்ணே. கழகத்துல புதுசு குடுத்தாங்கன்னு, அது கணக்கோடயே இத என்கிட்ட தந்திச்சு." அவள் போனை மறைக்கவில்லை. "பாடசாலையில கூப்பிட்டு விசாரிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். சாயந்தரம் நானே போய்ச் சொல்லணும்னு இருந்தேன். அழிச்சது நான்தான்."

"ஒங்க மக அவதான்னு சொல்லிட்டா."

ராசம்மா கண்ணை மூடித் திறந்தாள். "வேல நேரத்துல போன் நோண்டினேன்னு ஆபீஸ்ல வேலைய நிப்பாட்டிருவாங்கன்னு பயந்திருப்பா. வெவரங்கெட்ட புள்ள."

பிறகு சொன்னாள். போன மாதம் நடுவிலிருந்து காலையில் மெசேஜ் மேல் மெசேஜ். பதினோராம் நம்பரில் கூடு. போய்ப் பார்த்தால் இல்லை. ஏழாம் நம்பரில் மூன்று கூடு. அங்கும் இல்லை. முதல் வாரம் பயந்து சுற்றிப் போனார்கள். இரண்டாம் வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் யாரும் போனைத் திறக்கவே இல்லை.

"அந்த வாரந்தான் நாலாம் நம்பர்ல நெசக் கூடு. நான் சொல்லி என் மக பதிஞ்சது. மெசேஜும் வந்திச்சு. யாரும் பாக்கல. கொட்டு வாங்கின எங்க செட்டுப் பிரியந்தி இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கெடக்கு."

இக்னேசியஸின் கை சட்டைப் பைக்குப் போய், திரும்பி வந்தது.

"சேர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள் பெற்றீசியா.

"சொன்னேன். கழகத்துக்கு எழுதி அனுப்புங்கன்னாரு. பதினோரு தடவ அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி, பொறுப்பாசிரியர் பரிசீலிப்பார்'ன்னு பதினோரு தடவயும் வந்திச்சு. நல்ல மரியாத. கடைசியில எங்க செட்டுல பேசினோம். அன்னன்னைக்குப் போற மலையில மெசேஜ் சொன்ன எடத்தப் போய்ப் பாப்போம். கூடு இருந்தா விட்டுருவோம், இல்லாட்டி அழிப்போம்."

"ஒம்பதாம் நம்பர்ல ஏன் விட்டீங்க? வெட்டின மலையில என்ன இருக்கும்?"

"இருக்காதுன்னு எனக்கும் தெரியும் தங்கச்சி. ஆனா போய்ப் பாக்கலயே. போய்ப் பாக்காம எழுதினவரு அவரு. போய்ப் பாக்காம அழிச்சா நானும் அவரும் ஒண்ணுதானே?"

இக்னேசியஸ் தன் போனை எடுத்து அதிபரை அழைத்தார்.

*

பாடசாலை விட்டதும் அதிபர், கஜேந்திரனையும் ஜெனுஷாவையும் கூட்டிக்கொண்டு மடுவத்துக்கு ஏறி வந்தார். கஜேந்திரன் பளபளவென்ற டவுன் சப்பாத்தோடு வந்தார். பாதி வழியிலேயே அதற்குள் இரண்டு அட்டைகள் குடியேறியிருந்தன.

ராசம்மா சொன்னதை அதிபர் முழுக்கக் கேட்டார். "சேர், அந்தக் கூடுகள யாரு பதிஞ்சது?"

"சிஸ்டத்துல ஏதோ கோளாறு மேடம். இந்த ஏஐ சில நேரம் தானா எதயாவது கற்பன பண்ணிரும். உலகம் பூரா உள்ள பிரச்சினை."

"அப்படியா," என்றார் இக்னேசியஸ். "நாங்க எல்லாரையும் விசாரிச்சிட்டோம். அத மட்டும் ஒரு வார்த்த கேக்கல. நீங்களே கேளுங்க சேர், எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

கஜேந்திரன் அதிபரைப் பார்த்தார். அதிபர் கண்ணை எடுக்கவில்லை. அவர் போனை வாயருகே கொண்டுபோய், கோயிலில் குறி கேட்பவர் போல முணுமுணுத்தார். போன் தெளிவான குரலில் பதில் சொன்னது.

"கடந்த மாதம் பன்னிரண்டாம் திகதி, வரைபடம் நிறைந்து தெரிய வேண்டும் என்று நீங்கள் கேட்டபடி நாற்பத்தேழு மாதிரிப் பதிவுகளைத் தயாரித்தேன். ஒவ்வொன்றிலும் 'மாதிரி' என்று குறித்திருந்தேன். அந்தக் குறிப்பை எடுக்கச் சொன்னீர்கள். எச்சரிக்கை போகும் பட்டியலில் இவை இருந்தால் ஆபத்து என்று இரண்டு முறை நினைவூட்டினேன். இனி நினைவூட்ட வேண்டாம் என்றீர்கள். இப்போது அவற்றை நீக்க உதவட்டுமா?"

"பாவம்," என்றாள் பெற்றீசியா. "ஒரு மாசமா சாட்சி சொல்லக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கிட்ட போய் விசாரண அறிக்க எழுதச் சொன்னீங்களே சேர். குத்தவாளி யாருன்னு அது கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கஜேந்திரன் போனைத் தட்டத் தொடங்கினார். "சரி மேடம், தப்பு நடந்திருச்சு. மிச்சம் மூணுதானே, ஒரே அழுத்துல..."

"கொஞ்சம் பொறுங்க சேர்," என்றாள் ராசம்மா. "போய்ப் பாத்துட்டு அழிங்க."

"வெட்டின மலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"போய்ப் பாருங்க சேர்," என்றார் அதிபர்.

ராசம்மா முன்னால் இறங்கினாள். முதல் கூடு இருக்க வேண்டிய இடத்தில் கவ்வாத்துக் கட்டை. இரண்டாவது இடத்தில் கிளை கழித்த ஒரு சவுக்கு மரம், பனியன் போடாத ஆள் மாதிரி. மூன்றாவது பதிவு, 'ஓடைக்கு மேலுள்ள பாறை' என்றது. எல்லா மலையிலும் ஓடை இருக்கும், ஓடைக்கு மேல் பாறை இருக்கும். யார் வேண்டுமானாலும் அப்படி எழுதலாம்.

"அங்கயும் ஒண்ணும் இருக்காது," என்றார் கஜேந்திரன், சப்பாத்தைக் கழற்றி உதறியபடி.

பாறையின் வளைவுக்கு வந்ததும் ராசம்மா ஒரு கையை உயர்த்தினாள். எல்லாரும் நின்றார்கள்.

பாறையின் அடிவயிற்றில், சுளகு அளவுக்குக் கறுப்பாக ஒன்று தொங்கியது. அதன் மேல்தோல் அலை அலையாக அசைந்தது. அடங்கிய ஒரு இரைச்சல்.

ராசம்மா கையசைத்தாள். வந்த அடிச்சுவட்டிலேயே பின்வாங்கினார்கள். இக்னேசியஸ் கடைசியாகத் திரும்பினார். அந்த இரைச்சலை அவர் கேட்டது அன்றுதான். ரோசலினைத் தூக்கி வந்த பெண்கள் அதைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மடுவத்து மேட்டுக்கு வந்த பிறகுதான் கஜேந்திரனுக்கு நிறம் திரும்பியது. நிறத்தோடு குரலும் திரும்பியது.

"பாத்தீங்களா மேடம்? வித்தகன் போட்டது சரியாத்தான் இருந்திருக்கு."

"குருடன் எறிஞ்ச கல்லுல ஒரு மாங்கா விழுந்திச்சு சேர்," என்றாள் பெற்றீசியா. "அதுக்காக அவன மாந்தோப்புக்குக் காவல் வைக்க முடியுமா? நாப்பத்தாறு கல்லு இவங்க தலையிலதான் விழுந்திருக்கு."

அதிபர் மெதுவாகப் பேசினார். "வெள்ளிக்கிழம ஜெனுஷா வரைபடத்த விளக்குவா. பதினஞ்சு கூடு. பதினஞ்சும் கண்ணால பாத்தது. கொழும்புப் பட்டியல்ல யாரும் கை வைக்கக் கூடாது. அழிச்சது யாருன்னு தோட்டத்து ஆபீஸுக்கு ஒரு வார்த்தையும் போகக் கூடாது. நீங்க இப்ப இவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க சேர்."

பழக்கதோஷம், கஜேந்திரனின் கட்டைவிரல் தானாகப் போனைத் தட்டியது. அரை நிமிடத்தில் மன்னிப்பு தயாராகிவிட்டது. அவர் அதை வாசித்தார். நடந்த தவறு, நம்பிக்கை இழந்த பெண்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிரியந்தி, யாரும் விட்டுப்போகவில்லை.

ராசம்மா கடைசிவரை கவனமாகக் கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்கு," என்றாள். "எழுதினவரு நல்ல மனுசன் போல. அவரையே கழகத்துக்கு சேராப் போட்டுருங்க மேடம்."

வரிசையில் நின்ற பெண்கள் கூடைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். ஜெனுஷா அம்மாவின் பழைய போனை வாங்கி, கடைசிப் பதிவைத் திறந்து திருத்தி அனுப்பினாள். மடுவத்தில் ஒவ்வொரு போனாகச் சத்தம் போட்டது. இந்தத் தடவை ஒவ்வொருத்தியும் எடுத்துப் பார்த்தாள்.

இக்னேசியஸின் சட்டைப் பையிலும் சத்தம் கேட்டது. அவருடைய போன் அல்ல.

ராசம்மா தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "புள்ளைங்க நம்பர் கேட்டப்ப எங்க செட்டு நம்பர் எல்லாத்தயும் குடுத்தேண்ணே. ரோசலின் அக்கா நம்பர எடுத்துப்போட மனசு வரல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'ஒன்பதாம் நம்பர் மலை, ஓடைப் பாறை. குளவிக் கூடு. நேரில் பார்த்தவர்: ராசம்மா. அந்தப் பக்கம் போக வேண்டாம்.'

பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ தபாலை அவர் பிந்திக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பிந்திவிட்டது என்று எதையும் திருப்பி அனுப்பியதில்லை. போனைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இறக்கத்தில் பாதி தூரம் வந்த பிறகு கேட்டார்:

"இந்த மாசம் ரீலோட் போட்டியா?"

பெற்றீசியா முன்னால் நடந்துகொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "போட்டாச்சு அத்தான்."